புள்ளி விசையின் பயணம்

தமிழ் எழுத்தில் மிகச் சிறியது புள்ளி. இயந்திரங்களை அதிகம் அலைக்கழித்ததும் அதுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வேலைக்குப் போன ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஒரு தட்டச்சுப் பொறிக்குள் அடக்க முனைந்தார். அவருடைய பொறிக்கு உயிர் கொடுத்தது நகரா விசை. அதை அழுத்தினால் புள்ளி தாளில் பதியும், உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளியின் கீழேயே வந்து அமரும். ஆகவே ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளி, பிறகு ‘க’. கையால் எழுதுகிறவருக்கு இது தலைகீழ். ஆனாலும் தட்டச்சு நிலையங்களில் பயின்றவர்களின் விரல்கள் அதற்கே பழகின.

கணினி வந்தபோது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் துடித்தவர்களில் சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி முக்கியமானவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியதில் அவர் பங்கு பெரிது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. அதே ஆண்டு கோவிந்தசாமி மறைந்தார்.

தமிழ்99இல் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. புள்ளி இடது ஆட்காட்டி விரலின் கீழ், ஆங்கில ‘எஃப்’ விசையில் இருக்கிறது. இங்கே மெய்க்குப் பிறகுதான் புள்ளி. பல இடங்களில் அதை அடிக்கவே வேண்டாம்: ‘ப’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘ப’ தானே ‘ப்’ ஆகிவிடும், ‘ங’வை அடுத்து ‘க’ வந்தாலும் அப்படியே. தமிழின் ஒலியமைப்பை விசைப்பலகைக்குள் வைத்த அருமையான வேலை இது.

ஆனால் இந்த வசதிக்காக, விசைக்கும் திரையிலுள்ள உரைப்பெட்டிக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள் முந்தைய எழுத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் ‘ப’ அடித்துவிட்டு மவுஸால் வேறு பெட்டியைச் சொடுக்குகிறார், ஃபோகஸ் மாறுகிறது. அந்தக் கணமே மென்பொருள் பழைய ‘ப’வை மறக்க வேண்டும். மறக்காவிட்டால் புதிய பெட்டியின் முதல் ‘ப’வோடு வேண்டாத புள்ளியும் வந்து சேரும். ஒரே பெட்டிக்குள் கர்சரை நகர்த்தினாலும் இதே கதைதான்.

சிங்கப்பூர் சைனாடவுனின் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும் தமிழ் பேசும் சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலும் சீனக் கடைகளும் அருகருகே இருக்கின்றன. கணினியிலும் தமிழருக்கும் சீனருக்கும் ஒரே சிக்கல். சீனர் ஒலியை லத்தீன் எழுத்தில் தட்டி, வரும் பட்டியலிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இடையில் அவர் தட்டும் என்டர் உள்ளீட்டு முறைக்கு உரியது. நிரலரோ எந்த என்டரைக் கண்டாலும் படிவத்தை அனுப்பிவிடும்படி எழுதியிருப்பார். பாதிச் சொல் போய்விடும். என் பார்வையில் இது சிறு பிழையல்ல. ஆங்கிலம் மட்டுமே தட்டப்படும் என்ற அனுமானத்தில் கட்டிய பெட்டி அது.

நீளக் கணக்கிலும் அந்த அனுமானம் வெளிப்படுகிறது. ‘சிங்கப்பூர்’ என்பது கண்ணுக்கு 6 எழுத்து. தமிழ்99இல் 9 தட்டு. யூனிகோடில் 11 குறியீடு. பெட்டிக்கு 10 என்று வரம்பு வைத்தால் ‘சிங்கப்பூர’ என்று நின்றுவிடும். அறுந்து விழுவது புள்ளிதான். பெயர்ப் பெட்டியில் எழுத்து தவிர வேறெதுவும் வரக்கூடாதென்று வடிகட்டி போடுபவர்கள் புள்ளியையும் குறியென்று தள்ளிவிடுகிறார்கள். தம் பெயர் ‘குமார்’ என்று முடிவதைப் பார்க்க ஒருவருக்கு உரிமை இல்லையா?

நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசைத் தட்டை எண்ணாதீர்கள், பெட்டியில் வந்து சேர்ந்த உரையைப் படியுங்கள். ஃபோகஸ் மாறும்போது பாதியில் நிற்கும் எழுத்தை முறையாக முடித்து வையுங்கள். தமிழ்ப் பெட்டிக்குள் கர்சர் நுழைந்ததும் தமிழ் விசைப்பலகையும், அடையாள எண் பெட்டியில் ஆங்கிலமும் தாமே வரும்படி செய்யுங்கள்; விண்டோஸில் அதற்கு வழி இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியிலும் ‘சிங்கப்பூர்’ என்று தமிழ்99இல் ஒரு முறை அடித்துப் பாருங்கள்.