ஜிக்கும் மேக்ரோவும்: ஒரு கோவைப் பட்டறைக் குறிப்பு

மேக்ரோ என்றால் பலருக்கும் எக்செல்தான் ஞாபகம் வரும். கோவையில் பீளமேடு, கணபதி பக்கம் சிஎன்சி எந்திரம் ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். நானும் சில வருஷம் அப்படி ஒரு பட்டறையில் இருந்தவன்தான்.

எண்களைக் கொடுத்து எந்திரத்தை ஓட்டும் முறையை அமெரிக்காவின் எம்ஐடி 1952இல் செய்து காட்டியது. பிறகு அங்கேயே உருவான ஏபிடி மொழியில் மேக்ரோவும் சேர்ந்தது. லிஸ்ப் மொழிக்கு டிமொதி ஹார்ட் மேக்ரோ கொண்டுவந்ததும் 1963இல் எம்ஐடியில்தான். கோவையில் 1962இல் தொடங்கி நூற்பு எந்திரங்கள் செய்துவந்த லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ், எண்பதுகளின் கடைசியில் சிஎன்சி எந்திரங்களையும் செய்ய ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் பம்ப் ஃப்ளேஞ்சில் துளை போட ட்ரில் ஜிக்தான். 4 துளைக்கு ஒன்று, 8 துளைக்கு இன்னொன்று என்று சுவர் முழுக்கத் தொங்கும்.

ஃபேனக் கன்ட்ரோலில் நான் முதலில் எழுதிய மேக்ரோ அந்தச் சுவருக்குப் பதில்தான். வட்டத்தின் ஆரம், துளைகளின் எண்ணிக்கை, ஆழம் இவற்றைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை சைன், கொசைன் போட்டு அதுவே கணக்கிடும். மொழிதான் படுத்தியது. ஏ என்ற எழுத்தில் தரும் எண் 1ஆம் மாறிக்குப் போகும், பி 2க்கு, சி 3க்கு. டி 4க்குப் போகாது, 7க்குப் போகும்! 4, 5, 6ஐ ஐ, ஜே, கே பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி வளைவு அடைப்புக்குறி போட்டால் அலாரம் அடிக்கும். கணக்குக்குச் சதுர அடைப்புதான். வளைவு அடைப்புக்குள் இருப்பது மனிதர்களுக்கான குறிப்பு, எந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. ஒருநாள் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் வரியை விட்டுவிட்டேன். ட்ரில் அதே துளையில் திரும்பத் திரும்ப இறங்கியது.

பக்கத்தில் நின்ற பழைய ஃபிட்டர் சிரித்தார். "இது நம்ம ஜிக்குத்தான் கண்ணு. அளவ மட்டும் பொறவு சொல்றோம், அவ்வளவுதான்." எந்தக் கையேடும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. பின்னால் ஒருமுறை எந்திரத்தின் மெமரி பேட்டரி தீர்ந்து, மேக்ரோக்கள் எல்லாம் போய்விட்டன. என்னிடம் பிரதியே இல்லை. அவருடைய ஜிக்குகள் சுவரில் அப்படியே தொங்கின, அன்றைய ஆர்டர் அவற்றை வைத்துத்தான் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மேக்ரோவையும் நோட்டில் எழுதிவைத்தேன். எந்த எழுத்து எந்த அளவு என்று வளைவு அடைப்புக்குள்ளும் எழுத ஆரம்பித்தேன்.