‘ரொம்ப’ வந்த வழி

கட்டுரையில் ‘ரொம்ப’ என்று மாணவன் எழுதினால், தமிழாசிரியர் அதனைச் சுழித்து ‘மிக’ என்று திருத்துவார். எழுத்து நடைக்கு அது முறையே. ஆயினும், அச்சொல் வேரற்ற கொச்சை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

மிகுதிப் பொருளைத் தமிழ் இலக்கண நூலார் தனியே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியர் தமது உரியியலில் உறு, தவ, நனி என்னும் மூன்று சொற்களை அப்பொருளுக்கு உரியனவாகக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அவற்றோடு சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். அவற்றுள் இன்று நம் நாவில் வாழ்பவை எத்தனை? ‘சாலச் சிறந்தது’ என்பதை மேடைகளில் கேட்கிறோம். உறுபசி, கழிபேருவகை என்பன ஏடுகளில் உள. ‘தவ’ என்பதோ பேச்சு வழக்கினின்றும் மறைந்துவிட்டது. நாள்தோறும் புழங்கும் மிகுதிச் சொல் நாணயம்போல் தேய்கிறது. வேறொன்று அவ்விடத்தில் வந்து அமர்கிறது. வடமொழி ‘பஹு’ நம்மிடையே ‘வெகு’ ஆனதும் அவ்வாறே.

‘ரொம்ப’ அயலிலிருந்து வந்ததன்று. ‘நிரம்ப’ என்னும் தூய தமிழ்ச் சொல்லே பேச்சில் ‘நெரம்ப’ எனத் திரிந்து, முதலெழுத்தை இழந்து ‘ரெம்ப’ ஆயிற்று. தென்மாவட்டங்களில் இன்றும் ‘ரெம்ப’ என்பர். இதழில் பிறக்கும் ஒலியின் சார்பால், ‘பெண்’ என்பது ‘பொண்ணு’ ஆனாற்போல, அது ‘ரொம்ப’ ஆயிற்று. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்னும் விதியாலேயே புலவர் அதனை ஏற்கத் தயங்கினர். மரக்கால் நிரம்ப நெல் அளந்த முத்துப்பேட்டைச் சீமையார்க்கு இச்சொல்லின் பொருளை விளக்கவும் வேண்டுமோ? நிறைவே மிகுதியாயிற்று.

பிற மொழிகளையும் சற்றே நோக்குவோம். அரபியில் இப்பொருள் தருவது ‘ஜித்தன்’. அதன் வேராகிய ‘ஜித்து’ என்பதற்கு முனைப்பு, விளையாட்டல்லாத மெய்யான ஈடுபாடு என்பன பொருள். மதரஸாப் பிள்ளைகள் மனனம் செய்யும் ‘மன் ஜத்த வஜத’, அதாவது ‘முயன்றவன் அடைந்தான்’ என்னும் பழமொழியிலும் அவ்வேரே உளது. ஆங்கிலத்தின் ‘வெரி’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது; ‘உண்மையான’ என்பதே அதன் முதற்பொருள். உண்மையை வலியுறுத்திய சொல் நாளடைவில் அளவை வலியுறுத்தும் சொல்லாயிற்று.

தமிழர் நிறைவையும், அரபியர் முனைப்பையும், ஆங்கிலேயர் உண்மையையும் கொண்டு மிகுதியைச் சொன்னார்கள். சொல்லுக்குரிய பொருளின் காரணம் பார்த்த அளவில் விளங்காது என்றார் தொல்காப்பியர். தேடினால் விளங்குகிறதன்றோ?

ஆதலின், ‘ரொம்ப’ என்பதைத் திருத்தும் ஆசிரியர் அதன் பிறப்பையும் உடன் சொல்வாராக. பிள்ளைகளும் ஒன்று உணர்தல் வேண்டும். நிறைவில்லாத இடத்தில் ‘ரொம்ப’ என்பது குறைமரக்காலை நிறைமரக்கால் என்று அளப்பதற்கு ஒப்பாகும்.