ஒரே விட்டத்தில் இரண்டு கடிகாரங்கள்

1665 பிப்ரவரி. ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஹேக் நகரத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். அருகருகே தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்களும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக, துளி பிசகாமல் ஆடுவதைக் கவனித்தார். கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் பழையபடி சேர்ந்துகொண்டன.

நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்த கடிகாரங்கள் அவை. ஒன்று நின்றுபோனால் இன்னொன்று ஓடட்டுமே என்றுதான் இரண்டு.

காற்றின் வேலையோ என்று முதலில் சந்தேகப்பட்டார். நடுவில் பலகையை வைத்துப் பார்த்தார், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பிடிபட்டது: இரண்டையும் தாங்கும் மரவிட்டம் கண்ணுக்குத் தெரியாமல் அசைகிறது. அந்த அசைவு வழியாகத்தான் ஒன்றின் ஆட்டம் மற்றதை எட்டுகிறது.

விஷயம் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனதும் சிலர் கேட்டார்கள்: இத்தனை சின்ன அசைவுக்கே நடை மாறும் கடிகாரத்தைக் கடலில் எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. ஹைகன்ஸின் கண்டுபிடிப்பே அவருடைய கனவுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது.

சர்வருக்கு பேக்கப் வைத்துப் பிழைக்கிற என்னை உறுத்துவது அந்த விட்டம்தான். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனால் இரண்டும் சரி என்று நம்பிவிடுகிறோம். ரெண்டும் எதுல தொங்குதுன்னு யாரும் பார்க்கிறதில்லை.