சம்பள நாளும் ஈட்டிக்காரனும்

சம்பள நாளன்று ஆலை வாயிலில் தடியூன்றிக் காபூலிக்காரர் காத்து நின்ற காலம் ஒன்றுண்டு. அவர் நாடியது வட்டியையே. முதல் தீர்ந்துவிட்டால் அவருக்கேது பிழைப்பு! தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் அமைந்த விட்லி கமிஷன், 1931-ஆம் ஆண்டு அறிக்கையில் இக்கொடுமையை எடுத்துரைத்தது. கடன் வசூலுக்காக வேலைத்தலத்தருகே காத்து நிற்பதைக் குற்றமாக்கி 1934-இல் வங்காளத்தில் சட்டம் பிறந்தது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமோ, ரயில்வேக்கும் பொருந்துவதாய், சம்பளம் தருதற்கு நாள் வரையறுத்தது. அபராதத்தையும் ரூபாய்க்கு அரையணாவுக்குள் அடக்கிற்று.

ஆயினும், தடியை விரட்டிய சட்டம் கடனை விரட்டவில்லை. மகப்பேறும் மருந்துச் செலவும் சம்பளத் தேதி பார்த்தா வருகின்றன? நியாய வட்டிக்கு வேறிடம் வேண்டுமே! அதற்கு வழிகோலியது 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம். அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் நகர வங்கி பதிவாயிற்று. பின்னர்த் தோன்றிய ரயில்வே ஊழியர் சங்கங்களில் தவணை சம்பளப் பட்டியலிலேயே பிடிக்கப்பட்டதைப் பட்டியல் எழுதும் நாம் அறிவோம். நகை அடகின்றி, உடன் ஊழியரின் ஜாமீன் கையெழுத்தே ஈடாயிற்று.