உங்கள் பிள்ளைக்கு முதலுதவி தெரியுமா? பள்ளியில் கிடைப்பது என்ன, நீங்கள் கேட்க வேண்டியது என்ன

2025 பிப்ரவரி மாதம். பினாங்கில் 10 வயது மாணவர் ஒருவர் பள்ளியில் கம்மி மிட்டாய் சாப்பிட்டபோது அது தொண்டையில் சிக்கி, பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். கண் வடிவில் வந்த அந்த வகை மிட்டாயை விற்கக் கூடாது என்று சுகாதார அமைச்சு தடை விதித்தது.

மிட்டாயைத் தடை செய்துவிடலாம். ஆனால் திராட்சை, மீன் உருண்டை, ரம்புத்தான், நிலக்கடலை? தொண்டையில் சிக்கக்கூடிய எல்லாவற்றையும் கேண்டீனிலிருந்து எடுத்துவிட முடியாது. அதனால்தான் அந்தச் செய்திக்குப் பிறகு பல பெற்றோர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “என் பிள்ளை பக்கத்தில் யாருக்காவது இப்படி ஆனால், சுற்றி இருப்பவர்களுக்கு என்ன செய்யணும்னு தெரியுமா?”

பதிலைப் பார்ப்போம்.

பள்ளியில் முதலுதவி பாடம் இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பையில் ‘நலக்கல்வி’ என்ற பாடநூலைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் நலக்கல்விக்கு மூன்று பெரும் பகுதிகள்: இனப்பெருக்கமும் சமூக நலமும், உணவு முறை, முதலுதவி. தேசியப் பள்ளி, தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான். இடைநிலைப்பள்ளியிலும் உடற்கல்வி, நலக்கல்விப் பாடம் தொடர்கிறது.

சிக்கல் நேரத்தில்தான். நலக்கல்விக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். அந்த அரை மணியை மூன்று பகுதிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதற்கு அரசாங்கத் தேர்வுத் தாளும் கிடையாது. கணிதப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் எந்தப் பாடவேளை கைமாறும் என்பதை நீங்களே யூகிக்கலாம்.

அப்படியானால் செய்முறைப் பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது?

பெரும்பாலும் சீருடை இயக்கங்களில் இருக்கும் மாணவர்களுக்கு. மலேசிய செம்பிறைச் சங்கம் (1975 வரை செஞ்சிலுவைச் சங்கம் என்ற பெயரில் இருந்தது), செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆகிய இரண்டும் முதலுதவியையே மையமாக வைத்து இயங்குபவை. சாரணர், கேடட் போம்பா, கேஆர்எஸ் போன்ற இயக்கங்களிலும் ஓரளவு சொல்லித் தருகிறார்கள். கட்டுப் போடுவது, தூக்குப்படுக்கையில் ஆளைத் தூக்குவது, பயிற்சி பொம்மையின் மார்பை அழுத்திப் பழகுவது எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

அதாவது, புத்தகத்தில் படிப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. கையால் செய்து பழகுவது, படிவம் 1-இல் உங்கள் பிள்ளை எந்தச் சீருடையைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பொறுத்தது. நண்பன் சேர்ந்தான் என்பதற்காக வேறு இயக்கத்துக்குப் போன பிள்ளை, மார்பை அழுத்திப் பழகாமலேயே எஸ்பிஎம் முடித்து வெளியே வந்துவிடலாம்.

இவை தவிர ‘டாக்டர் மூடா’ திட்டமும் உண்டு. சுகாதார அமைச்சும் கல்வி அமைச்சும் சேர்ந்து நடத்தும் இதில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் பயிற்சி பெற்று, சக மாணவர்களிடம் சுகாதாரப் பழக்கங்களைக் கொண்டு செல்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் இதிலும் எல்லா மாணவர்களும் சேர்வதில்லை.

எத்தனை வயதில் சொல்லித் தரலாம்?

“சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரித்த பரிந்துரை இதுதான்: 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் சிபிஆர் பயிற்சி. ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் போதும்!

பெரியவரின் மார்பை 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த உடல் எடை வேண்டும். ஏறக்குறைய 12, 13 வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது வந்துவிடுகிறது. அதற்கும் சிறியவர்களுக்கு மயக்கத்தை அடையாளம் காண, உதவி கேட்டுக் கத்த, 999-ஐ அழைக்கச் சொல்லித் தரலாம். ஆண்டு 1 பிள்ளையாலும் இதைச் செய்ய முடியும்.

டென்மார்க்கில் 2005 முதல் பள்ளிகளில் சிபிஆர் பயிற்சி கட்டாயம். அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயத்துடிப்பு நின்றவர்களில், அருகில் இருந்தவர்களிடமிருந்து சிபிஆர் பெற்றோர் 2001-இல் 21 விழுக்காட்டினர். 2010-இல் அது ஏறத்தாழ 45 விழுக்காடு. 30 நாள்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். பள்ளிப் பயிற்சி மட்டும் காரணமல்ல. ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள், ஏஇடி கருவிகளையும் பரவலாக வைத்தார்கள். ஆனாலும் தொடக்கம் வகுப்பறையில்தான்.

ஏன் இவ்வளவு அவசரம்?

இதயத்துடிப்பு நின்றால், நான்கிலிருந்து ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். சிபிஆர் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. கிள்ளானில் மாலை நேர நெரிசலில் மாட்டியவர்களுக்கும், தோட்டப்புறத்தில் செம்மண் சாலையில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கும் அந்த நிமிடங்கள் எவ்வளவு நீளம் என்று தெரியும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே.

பிள்ளைக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை

தொண்டையில் சிக்கினால்: இரும முடிந்தால் இருமச் சொல்லுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். பேச்சும் வரவில்லை, இருமலும் வரவில்லை என்றால் முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையா? பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் 5 தட்டு, பிறகு நடுமார்பில் இரண்டு விரலால் 5 அழுத்து.

நினைவில்லை, இயல்பாக மூச்சும் இல்லை என்றால்: 999. பிறகு மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். ஏஇடி கருவி கிடைத்தால் திறந்துவிடுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அதுவே குரலில் சொல்லும்.

தீக்காயம்: குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம்.

மூக்கில் இரத்தம்: தலையை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள், இரத்தம் தொண்டைக்குள் போகும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு: கையில் சாவியைக் கொடுப்பது நம்மிடம் இன்னும் இருக்கும் பழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. வாயில் கரண்டியை வைத்தால் பல் உடையும். சுற்றி உள்ள பொருள்களை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 999.

வெட்டுக்காயம்: காப்பித்தூள் போடாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

999-இல் என்ன பேசுவது?

பல பிள்ளைகளுக்கு எண் தெரியும், முகவரி தெரியாது. வீட்டு எண், ஜாலான், தாமான், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பெட்ரோல் நிலையம் ஆகியவற்றை மலாய்மொழியில் சொல்லிப் பழக்குங்கள். “அம்மா கீழே விழுந்துட்டாங்க, எழுந்திருக்கல” என்பதையும் மலாயில் சொல்லத் தெரிய வேண்டும். அழைப்பைத் தாங்களாகத் துண்டிக்கக் கூடாது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மறுமுனையில் சொல்வதைச் செய்ய வேண்டும். கைத்தொலைபேசி பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பு போகும் என்பதைக் காட்டிக் கொடுங்கள்.

பெற்றோராக நீங்கள் என்ன செய்யலாம்?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பள்ளியில் முதலுதவிப் பயிற்சி முடித்த ஆசிரியர்கள் யார் யார்? முதலுதவிப் பெட்டியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? சீருடை இயக்கத்தில் இல்லாத மாணவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்முறைப் பயிற்சி நடத்த முடியுமா? கடைசிக் கேள்விக்குச் செலவு அதிகமில்லை. வட்டாரச் செம்பிறைச் சங்கத்தையோ செயின்ட் ஜான் கிளையையோ தொடர்புகொண்டு, ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கினால் போதும்.

பிள்ளை சீருடை இயக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, புறப்பாட நடவடிக்கைக்கு யுபியு வழியான பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காட்டுப் புள்ளி உண்டு என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியும். அந்தக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் தாத்தாவுக்கு ஏதாவது ஆனால், முதலில் பக்கத்தில் இருக்கப்போவது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: “நான் திடீர்னு மயங்கி விழுந்தா, நீ முதல்ல என்ன செய்வே?” பதில் வர எத்தனை வினாடி ஆகிறது என்று கவனியுங்கள். தயங்கினால் திட்ட வேண்டாம். உட்கார வைத்து, வீட்டு முகவரியிலிருந்து தொடங்குங்கள்.