ஹீலா நதிக்கரைச் சிறுவரும் நீரிழிவும்

சிறுவர்க்கு வரும் நீரிழிவு, உடலை உருக்கிக் கொல்லும் நோயென்றே நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் ரொறொன்ரோ வைத்தியசாலையில் முதன்முதல் இன்சுலின் ஏற்றப்பெற்ற லெனாட் தொம்சன் 14 வயதினன்; எலும்புந் தோலுமாய்க் கிடந்தவன். இன்சுலினுக்கு இணங்கும் நீரிழிவு, இணங்காத நீரிழிவு என இருவகை உண்டென்பதை 1936இல் ஆங்கில வைத்தியர் ஹிம்ஸ்வேத் எடுத்துக்காட்டினார். பின்னையது பருத்த உடலினரான முதியோர்க்கே உரியதென வைத்திய உலகம் நம்பியிருந்தது.

அந்நம்பிக்கையைத் தகர்த்தது அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலம். ஆங்கு வாழும் பீமா மக்கள், ஹீலா நதியின் நீரை வாய்க்கால் வழியே பாய்ச்சிச் சோளமும் அவரையும் பருத்தியும் விளைவித்த உழவர். கலிபோர்னியாவிற் பொன் தேடிச் சென்றோர்க்குக் கோதுமை விற்றவர்களும் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்புறத்திற் குடியேறிய வெள்ளையர் ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் வறண்டன, பஞ்சம் வந்தது, பின்னர் வெள்ளை மாவும் பன்றிக்கொழுப்பும் சீனியும் அரசாங்கப் பங்கீடாக வந்தன. இதனைக் குலத்தின் குறை என்றோ நாவடக்கம் இன்மை என்றோ பேசுவோர் உளர். நதியை எவர் எடுத்தனர் என்பதை அவர்கள் கேட்பதில்லை. இழந்த நீருக்கு ஈடுசெய்யும் சட்டம் 2004இலேதான் நிறைவேறிற்று.

1940இல் ஜொஸ்லின் என்னும் வைத்தியர் ஆராய்ந்தபோது அரிசோனா இந்தியரிடையே நீரிழிவு பிறரிடத்துள்ளதினும் மிகுந்து காணப்படவில்லை. 1965இல் தொடங்கிய ஆராய்ச்சியோ, பீமா மக்களுள் 35 வயது கடந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நோயுற்றிருக்கக் கண்டது. முதியோர்க்குரியதெனப்பட்ட அதே நோய் பீமாச் சிறுவரிடத்தும் உண்டென்பது 1979இல் வெளியாயிற்று. கருவுற்ற காலத்தில் நீரிழிவுற்றிருந்த தாயரின் பிள்ளைகள் பெரிதும் பருத்து வளர்ந்தமையும் ஆங்கேயே புலப்பட்டது.

சிகிச்சை பின்தங்கியே வந்தது. கலேகா என்னும் ஐரோப்பிய மூலிகையின் ஆராய்ச்சி வழியே பிறந்த மெற்போமினை, 1957இல் பிரெஞ்சு வைத்தியர் ஸ்ரேண் நீரிழிவுக்குப் பயன்படுத்தி அதன் விளைவை எழுதினார். அமெரிக்கா முதியோர்க்கு அதனை 1994இலும், பத்து வயதும் அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 2000இலும் அனுமதித்தது.

அது சிறுவர்க்குப் போதுமா? பத்து முதற் பதினேழு வயதுவரையான 699 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. மெற்போமினை மட்டும் உண்டோருள் ஏறக்குறைய நூற்றுக்கு 52 பேரிடத்துச் சர்க்கரை அடங்கவில்லை. உணவும் உடற்பயிற்சியும் கற்பித்துச் சேர்த்தபோதும் 47 பேரிடத்து அதே நிலை. முதியோர்க்குப் பலகாலம் பயன்தரும் குளிகை இளவயதினரிடத்து விரைவிற் சோர்ந்தமை வைத்தியர் எதிர்பாராதது. இன்சுலினைச் சுரக்கும் ஆற்றல் இளையோரிடத்து மிக விரைவாகக் குன்றுவதே காரணமெனப் பின்னர்த் தெளிந்தனர். லிறாகுளுரைட் என்னும் ஊசிமருந்து 2019இற் சிறுவர்க்கு அனுமதி பெற்றது.

அவ்வாய்விற் கலந்துகொண்டோரைத் தொடர்ந்து கவனித்த அறிக்கை 2021இல் வெளியாயிற்று. சராசரி வயது 26 ஆகும்போது, அவர்களுள் நூற்றுக்கு 60 பேர் சிறுநீரகத்திலோ கண்ணிலோ நரம்பிலோ பழுதுற்றிருந்தனர்.