கரைக்காவலர் மிதித்த வழி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைச் சுற்றிக்கொண்டு, ஸாமர்ஸெட்டிலுள்ள மைன்ஹெட் என்னும் ஊரிலிருந்து டார்ஸெட்டின் பூல் துறைமுக வாயில் வரையில் 630 மைல் செல்லுகின்ற கடலோர நடைபாதையில் உல்லாசமாக நடக்கலாமென்று வருகிறவர்கள், முதல் நாள் மாலைக்குள்ளாகவே அதை வகுத்த புண்ணியவான் யாரென்று சலித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். பாறை முகட்டில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும் வழி, முழங்கால் நடுங்கும்படி திடீரென்று ஒரு சிறு குடாவுக்குள் இறங்கும். இறங்கிய சிரமம் தீருமுன் எதிர்ப்புறத்தில் அதே உயரம் ஏறச் சொல்லும். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் எவரெஸ்ட் சிகரத்தைக் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய நான்கு முறை ஏறியதற்குச் சமானம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இயற்கைச் சௌந்தரியத்தை ரஸிப்பதற்காக வகுத்த பாதையானால் இப்படி இராது. இதை வகுத்தது சர்க்காரின் சந்தேகம். பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை, பிராந்தி, புகையிலை முதலியவற்றின் மீது விதித்திருந்த தீர்வை அபாரமானது; தேயிலைக்கு 119 சதவீதம் என்றிருந்ததைப் பிரதம மந்திரி பிட் 1784-ல் 12½ சதவீதமாகக் குறைத்த பிறகு அந்தச் சரக்கில் கள்ளக்கடத்தலுக்கு லாபமில்லாமற் போயிற்றேயன்றி, பிராந்தியும் புகையிலையும் பழையபடி இரவில் கரையேறிக்கொண்டுதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் மட்டுமல்ல, செய்தவர்களிலும் சிலர் இந்தச் சரக்கை வாங்கக் கூசவில்லை.

தனித்தனியே இயங்கிவந்த காவற்படைகளை ஒன்றாக்கி 1822-ல் கரைக்காவல் இலாகா ஏற்பட்டது. முகட்டில் நின்று பார்ப்பவனுக்குப் பாறைக்கு அடியிலுள்ள மணல் தெரியாதாகையால், காவலன் ஒவ்வொரு குடாவிலும் இறங்கிப் பார்த்தே தீரவேண்டியிருந்தது. இருட்டில் கால் தவறாதிருக்க வழியோரக் கற்களுக்கு வெள்ளையடித்து வைத்தார்கள். ஊராருடன் உறவாடிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதென்று காவலர்களைச் சொந்த ஊருக்கு எட்டத்திலேயே நியமித்தார்கள். அந்நியரான அவர்களை ஊர் வெறுத்ததால், குடியிருக்கத் தனி வீடுகளும் கட்டித்தர நேர்ந்தது.

அழகுக்காகவே நடந்தவர்களும் இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அப்பக்கத்தில் இருந்தார்கள். அவர்களையும் சந்தேகம் விடவில்லை. 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையொன்று வேல்ஸில் ஃபிஷ்கார்டு அருகே இறங்கிச் சரணடைந்திருந்த சமயம். மைன்ஹெட்டுக்குக் கிழக்கேயுள்ள குவாண்டாக் குன்றுகளில் கவிஞர்களான கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும், வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதியும் இரவென்றும் பகலென்றும் பாராமல் குறிப்புப் புத்தகத்துடன் திரிவதையும், ஓடைகளைப் பற்றி விசாரிப்பதையும் கண்டு, எதிரிக்கு உளவு சொல்பவர்களென்று யாரோ எழுதிப்போட, ஆகஸ்டில் உள்நாட்டு இலாகா ஓர் ஒற்றனை அனுப்பிற்று. ஸ்பினோஸா என்ற தத்துவஞானியின் பெயரை நண்பர்கள் உச்சரித்தது, ஒளிந்திருந்த அவன் காதில் ‘ஸ்பை நோஸி’ (மூக்கன் ஒற்றன்) என்று விழவே, தன் பெரிய மூக்கைத்தான் பரிகாசம் செய்கிறார்களென்று அவன் பதறினானாம். கோல்ரிட்ஜே பிற்காலத்தில் எழுதியது. கவி வாக்காதலால் சிறிது உப்பும் புளியும் சேர்ந்திருக்கக்கூடும். அவ்வாண்டு நவம்பரில், வாட்செட் துறைமுகத்தை நோக்கி நடந்த நடையில்தான் கோல்ரிட்ஜின் கிழ மாலுமி கதைப்பாட்டு உருவாயிற்று.

1949-ல் நாட்டுப்புற நடைவழிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாக இக்கடலோரப் பாதையின் கார்ன்வால் பகுதி 1973-லும், எஞ்சியவை 1978-க்குள்ளும் பொதுவழிகளாகத் திறக்கப்பட்டன. காவலனுடைய பழைய தடத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்களாதலால், கள்ளப்படகு வராத மணலை இன்றும் கால் கடுக்க இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலேற வேண்டியிருக்கிறது.